முந்நூற்றைம்பதாம் நம்பர் அம்பு

பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே எனக்கு அந்த எண் கண்ணில் பட்டுவிட்டது. நீளமான அட்டைக் குழாயின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் 350 என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார்கள். உள்ளே ஆறு மர அம்புகள், வாத்து இறகு ஒட்டி, அழகாகத்தான் இருந்தன. நான் கேட்டிருந்தது 450.

கடைக்காரர் தவறுதலாக அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆர்டரில் நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். 450 என்றுதான் இருந்தது. கடைக்குப் போன் செய்தேன்.

"மேடம், ஃபோர் ஃபிஃப்டி செட் ஸ்டாக் இல்ல. திரீ ஃபிஃப்டியும் ஃபைவ் ஃபிஃப்டியும்தான் இருக்கு, எது வேணும்னு கேட்டேன். திரீ ஃபிஃப்டியே அனுப்புங்கன்னு உங்க அண்ணன்தான் ரெண்டு தடவை கன்ஃபர்ம் பண்ணார்."

நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் ஷிப்டு நேரத்தில் நாங்கள் போனை வெளியே வைத்துவிட வேண்டும். அதனால் ஆர்டரில் அண்ணனின் நம்பரைக் கொடுத்திருந்தேன். அண்ணன் சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். நான் குழாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். தறிகள் ஓடும்போது அங்கே யாரும் பேச முடியாது, கத்தத்தான் முடியும். எனக்கு அது வசதியாக இருந்தது.

"அண்ணே! முன்னூத்தம்பதுன்னு நீயா சொன்னே?"

"ஆமா. அந்த மெட்ராஸ்காரன் கூப்பிட்டுக் கேட்டான். சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ வீட்டுல எந்நேரமும் என்ன சொல்லிட்டுக் கெடந்தே? அம்பு கனமா இருக்கணும், மெலிசாப் போச்சுன்னா வில்லு போயிரும்னுதான? அதான் இருக்கதுலயே கனமானத அனுப்பச் சொன்னேன்."

"கனமானது ஐநூத்தம்பதுல்லா!"

அண்ணன் ஒரு தறியை நிறுத்திவிட்டு, இரக்கத்தோடு என்னைப் பார்த்தான். "ஏட்டி, நீ மில்லுல என்னத்த வேலை பாக்கே? நாப்பதாம் நம்பர் கனமா, நூறாம் நம்பர் கனமா?"

குழாயைக் கீழே வைத்துவிட்டேன்.

நூல் தொழிலில் இல்லாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நூலுக்கு நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூல் தடிமனானது, நூறாம் நம்பர் நூல் மெல்லியது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இது தெரியும். 350, 550 என்று இரண்டு எண்களைச் சொல்லி எது கனம் என்று கேட்டால், தறிக்காரன் யோசிக்காமல் சின்ன எண்ணைத்தான் காட்டுவான்.

இதில் என்னை எரிச்சலூட்டியது என்னவென்றால், என் வேலையே இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருக்கிறேன். நூற்றிருபது கெஜம் நூலைச் சுற்றி எடுத்து, கிரெயின் என்ற பழைய அளவில் எடை போட்டு, ஆயிரத்தை அந்த எடையால் வகுத்தால் நூலின் நம்பர், லேபில் நாங்கள் சொல்லும் 'கவுண்டு', வரும். எடை கூடினால் நம்பர் குறையும். அம்புக்கும் எடையைக் கிரெயினில்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே வகுத்தல் எதுவும் இல்லை. 350 கிரெயின் என்றால் 350 கிரெயின்தான். இதை அண்ணனுக்கு விளக்கினேன். பேப்பரில் எழுதிக் காட்டினேன்.

"எடைன்னா கிராம் சொல்லு, கிலோ சொல்லு. நம்பர்னா நம்பர்தான். கையில எடுத்துப் பாரு, கனமாத்தான இருக்கு?" என்றான்.

அம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தறியை ஓட்டினான்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் நான் பழகியது குறிபார்க்கும் கருவி, ஆடாமல் நிறுத்தும் கம்பி எல்லாம் பொருத்திய போட்டி வில், கருவி வில் என்போம். பிறகு லாங் போவுக்கு மாறினேன். நெடுவில் என்று தமிழில் அழகாகச் சொல்லலாம், நாங்கள் யாரும் சொல்வதில்லை. ஒரு வளைந்த கட்டை, ஒரு நாண். அதில் வேறு எதுவும் கிடையாது. குறியைக் கண்ணும் உடம்பும்தான் பார்க்க வேண்டும். என்னுடையது மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒருவர் செய்து கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து வாங்கியது. என்னிடம் வேறு வில் இல்லை.

வில்லின் வயிற்றுப் பக்கத்தில், அதாவது இழுப்பவரைப் பார்த்த பக்கத்தில், அவர் எழுதியிருந்தது: 45 பவுண்டு, 28 அங்குலம். அதாவது இருபத்தெட்டு அங்குலத்துக்கு இழுத்தால் நாற்பத்தைந்து பவுண்டு விசை. அண்ணன் மனைவி அதைப் படித்த அன்று, "நாப்பத்தஞ்சு பவுனா? யாத்தே, எனக்கு ஏழு பவுன்தான் போட்டாங்க" என்று வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கொடுக்கும்போது வில் செய்பவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பவுண்டுக்குப் பத்துக் கிரெயின் வெச்சுக்கோங்க அம்மிணி. அம்பு லேசா இருந்தா விசையெல்லாம் அம்புக்குப் போகாது, வில்லுக்கே திரும்பும். எட்டுக்குக் கீழ போனா நான் பொறுப்பில்லீங்க. கட்டை தெறிச்சுரும்."

நாற்பத்தைந்து பவுண்டுக்கு 450 கிரெயின். வந்திருப்பது 350. வகுத்தால் எட்டுக்கும் கீழே.

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் போட்டி. முதல் தடவையாகப் பெண்களுக்கு லாங் போ என்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். மூன்று பேர் வந்தால்தான் பிரிவு நடக்கும், இல்லையென்றால் கருவி வில் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். பெயர் கொடுத்தவர்கள் சரியாக மூன்று பேர்: நான், கடையநல்லூரில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் என் தோழி, தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண். கருவி வில்காரர்களோடு நின்று கடைசி இடம் வாங்குவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை எங்களுக்கென்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். நான் போகவில்லை என்றால் அந்தக் கோடே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு அம்பு விட்டுப் பார்த்தேன். தறிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலம் வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில், கழிவுத் துணியை அமுக்கிக் கட்டிய மூட்டை ஒன்று என் இலக்கு. அதுவரை வில் செய்பவர் வில்லோடு கொடுத்த ஒரு கனத்த அம்பால்தான் பழகிவந்தேன். அதை விட்டால் வில் மெல்ல மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். புது அம்பை விட்டபோது, தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டை போய்ப் பெட்டியில் இடிப்பதுபோல 'டக்'கென்றது. இடது கை முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. வில்லை விளக்குக்கு அருகில் கொண்டுபோய் விரலால் தடவித் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் இரண்டாவது அம்பைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

பிரச்சினை வந்தால் நான் வழிகளை எழுதிவிடுவேன். இதற்கும் எழுதினேன்.

முதலாவது, மாற்றி வாங்குவது. கடையில் 450 இல்லை. 550-ஐ அனுப்பினாலும் அடுத்த வாரம்தான் வரும்.

இரண்டாவது, முனையை மாற்றுவது. பழைய அம்புகளிலிருந்து கழற்றி வைத்த இரும்பு முனைகள் ஆறு என்னிடம் இருந்தன. இப்போது இருப்பதைவிட ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிரெயின் கூடுதல். 375 ஆகும். நாற்பத்தைந்தால் வகுத்தால் எட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். முனையில் மட்டும் இன்னும் எடை ஏற்றினால் அம்பு பறக்கும்போது வளைந்து ஆடும்.

மூன்றாவது, வார்னிஷ் பூசிப் பூசிக் கனமாக்குவது. காய நேரம் இல்லை.

நான்காவது வழிக்கு அண்ணன்தான் காரணம். சாப்பிடும்போது, "எடைதான வேணும்? பத்தாம் நம்பர் நூலை எடுத்துச் சுத்து. எங்கிட்ட என்ன நூலுக்கா பஞ்சம்?" என்றான். கேலியாகச் சொன்னானா என்று தெரியவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடித்த நூலை அம்பின் முழு நீளத்துக்கும் நெருக்கமாகச் சுற்றிப் பசை பூசினால் கிட்டத்தட்ட நூறு கிரெயின் ஏறும். நூலும் கணக்கும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒரு அம்பை எடுத்துச் சுற்றினேன்.

மறுநாள் காலை அதையும் சுற்றாத அம்புகளையும் மில்லுக்கு எடுத்துப் போனேன். தேநீர் இடைவேளையில் லேபின் துல்லியத் தராசில் வைத்தேன். அந்தத் தராசு உள்ளங்கை அளவு நூலுக்காகச் செய்தது. அம்பைக் குறுக்கே வைத்தால் கண்ணாடிக் கதவை மூட முடியாது. ஃபேனை நிறுத்தினேன். வேர்த்துக்கொண்டே எண் நிற்பதற்காகக் காத்திருந்தபோது பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன கவுண்டு?"

"அம்பு."

"அது தெரியுது. சிங்கிள் நூலா, டபுளான்னு கேட்டேன்."

லேபே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். சுற்றாத அம்புகள் எல்லாம் 350-ஐ ஒட்டியே இருந்தன. நூல் சுற்றியது 448 காட்டியது. எண் சரி. அம்புதான் அம்பாக இல்லை. தடித்துச் சொரசொரவென்று, ஒரு பக்கம் பசை கட்டி, சுள்ளிபோல இருந்தது. வில்லைப் பிடிக்கும் கைக்கு மேலேயே அம்பு உரசிப் போக வேண்டும். அன்று சாயங்காலம் அதை விட்டபோது என் விரல் கணுவின் தோலைச் சீவிவிட்டு, மூட்டையைத் தாண்டி, கருவேல முட்களுக்குள் போய் விழுந்தது.

ஐந்தாவதாக, போகாமல் இருப்பது என்று எழுதினேன். எழுதி அடித்தேன். பிறகு அடித்ததன் மேல் மறுபடியும் எழுதினேன்.

தோழிக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். நான் வராவிட்டால் தானும் தூத்துக்குடிப் பெண்ணும் இருபது கருவி வில்லுக்கு நடுவில் நிற்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் திட்டவில்லை.

"நீ அம்பு விடுத வீடியோ ஏதாவது இருக்கா? அனுப்பு" என்றாள்.

"வீடியோல எடையா தெரியும்?"

"அனுப்புட்டி."

கனத்த அம்பால் பயிற்சி செய்தபோது அண்ணன் மனைவி எடுத்த ஒரு வீடியோவை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, உன் அம்பு எவ்வளவு நீளம்?"

"இருபத்தொம்பது இஞ்ச். நான் இழுக்குதது இருபத்தெட்டு. ஒரு இஞ்ச் முன்னால இருக்கும்."

"ஒரு இஞ்சா? யா அல்லா, வில்லுக்கு முன்னால நாலு விரல்கடைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கி. அதுல ரெண்டு துண்டைக் காயப்போடலாம்."

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. முழுக்க இழுத்து நிற்கிறேன். அம்பின் முனை வில்லைத் தாண்டி வெளியே, வெட்கமே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் என் கண் இலக்கின் மேல்தான் இருந்தது.

இருபத்தெட்டு அங்குலம் என்பது கல்லூரியில் பயிற்சியாளர் நாடா பிடித்து அளந்தது. கருவி வில்லில் நெட்டுக்குத்தாக நின்று, நாணைத் தாடைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்துவோம். லாங் போவில் நான் லேசாகக் குனிகிறேன், முழங்கையை மடக்குகிறேன், நாணை உதட்டோரத்தோடு நிறுத்திவிடுகிறேன். எனக்கே தெரியாமல் உடம்பு சுருங்கியிருக்கிறது. படிவங்களில் மட்டும் பழைய எண்ணையே எழுதி வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் தோழி பஸ் ஏறி வந்தாள். அந்தக் கனத்த அம்பை நாணில் வைத்து நான் இழுத்து நிற்க, வில்லைத் தாண்டும் இடத்தில் அவள் மார்க்கரால் கோடு போட்டாள். மூன்று தடவை இழுத்தேன். மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இருபத்தைந்தரை அங்குலம்.

அடுத்தது விசை. தறிக்கூடத்தில் நூல் மூட்டை எடை போடுகிற கொக்கித் தராசு உண்டு. அதை உத்தரத்தில் மாட்டி, கொக்கியில் நாணைக் கோத்து, அம்பையும் நாணில் வைத்து, வில்லைக் கீழ்நோக்கி அந்தக் கோடு வரைக்கும் இழுத்தோம். எண்ணைப் படித்தவள் அவள். "பதினேழு புள்ளி ரெண்டு கிலோ." பவுண்டில் முப்பத்தெட்டு.

நாற்பத்தைந்து இல்லை. நான் ஒரு நாளும் அந்த வில்லை நாற்பத்தைந்துக்கு இழுத்ததே இல்லை.

முந்நூற்றைம்பதை முப்பத்தெட்டால் வகுத்தேன். ஒன்பதுக்கு மேல் வந்தது. கனத்த முனையை மாட்டினால் 375. வகுத்தால் பத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. பொள்ளாச்சிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். "வில்லு மேல எழுதுனது வில்லோட கணக்குங்க அம்மிணி. நீங்க எதுவரைக்கும் இழுக்கறீங்கன்னு வில்லுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது, பத்தெல்லாம் நல்லா ஓடுங்க. தைரியமா விடுங்க." சத்தம் பற்றிக் கேட்டேன். அம்பு லேசாக ஆக வில் கொஞ்சம் சத்தமாகவே பேசும் என்றார். நாணை இன்னும் சில முறுக்கு முறுக்கச் சொன்னார்.

550-ஐ நானே தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்குப் போட்டேன். பவுண்டுக்குப் பதினாலுக்கும் மேல். தூரத்து இலக்குக்கு முன்னாலேயே அம்பு தரையில் சொருகியிருக்கும்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். லேபில் ஒரு விடை சரியாக வந்தால் போதாது, அது எப்படி வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பான வழியில் வந்த சரியான எண்ணை நாங்கள் சரி என்று ஏற்பதில்லை. அண்ணன் நூல் நம்பரை வைத்து அம்பு எடுத்திருக்கிறான். அது நான் கணக்குப் போட்டு எடுத்ததைவிட எனக்குப் பொருந்தியிருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"உங்க அண்ணங்கிட்ட சொல்லாத. கையில பிடிக்க முடியாது" என்றாள் தோழி.

"சொல்லாம எப்படி? திருப்பி அனுப்பப் போறேன்னு ஒரு வாரமாக் கத்திட்டு இருக்கேன்."

மரத் தண்டில் முனையை உருகும் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடு காட்டினால் கழன்றுவிடும். குறட்டால் பிடித்து ஒவ்வொன்றாக கேஸ் அடுப்பில் காட்டினோம். அண்ணன் மனைவி ஒரு பக்கம் ரசம் தாளித்துக்கொண்டே, "அடுப்புல என்னத்தச் சுடுதீங்க ரெண்டு பேரும்? நாத்தம் தாங்கல" என்று புகையை முந்தானையால் விரட்டினார். நூல் சுற்றிய அம்பும் முள்ளுக்குள்ளிருந்து கிடைத்திருந்தது. நூலை அறுத்து, பசையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஆறாவது அம்பு அது. வேறு வழி இல்லை.

முனை மாற்றி, நாணை முறுக்கி, ஒன்று விட்டுப் பார்த்தேன். சத்தம் இருந்தது, ஆனால் இடி இல்லை. கை அதிரவில்லை. வில்லைத் தடவிப் பார்த்தேன். பிறகு இன்னும் ஐந்தும் விட்டேன்.

ஞாயிறு காலை வில்லை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் போட்டுக்கொண்டு கிளம்பினோம். "பம்ப்செட் குழாயா? படியை மறிக்காத" என்று கண்டக்டர் சொன்னதற்கு, "ஆமாண்ணே, கெணத்துக்குத்தான்" என்று தோழி பதில் சொன்னாள். அண்ணன் பைக்கில் பின்னால் வந்தான். இதற்கு முன் என் போட்டி எதற்கும் அவன் வந்ததில்லை.

தூத்துக்குடிப் பெண் வந்திருந்தாள். மூன்று பேர் ஆகிவிட்டோம். மைதானத்தின் ஓரத்தில், கருவி வில் வரிசைக்கு அப்பால், எங்களுக்காகச் சுண்ணாம்பில் தனியாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். மூன்று பேர் நிற்க அது தாராளம்.

முதல் சுற்று முடிந்து அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். என் வில் முழுசாக இருந்தது. தோழி என்னைவிடக் கூட எடுத்திருந்தாள். நான் தூத்துக்குடிப் பெண்ணைவிடக் கொஞ்சம் கூட. அவளுடைய அப்பா என் அம்பு ஒன்றை வாங்கி விரலில் நிறுத்தி எடை பார்த்தார். அவருக்கும் வீட்டில் இதே தலைவலி போலிருக்கிறது.

"என்ன வெயிட்டும்மா இது?"

"முந்நூத்தி எழுபத்தஞ்சு."

நான் மேலே சொல்வதற்குள் அண்ணன் இடையில் புகுந்தான்.

"நான் வாங்கிக் குடுத்தது முன்னூத்தம்பதுதான் அண்ணாச்சி. நல்ல கனம். இவதான் என்னத்தையோ மாத்தி, எழுபத்தஞ்சாக்கி, மெலிய வச்சிட்டா."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கையில் இருந்த அம்பைப் பார்த்தார். எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று யோசித்தேன். நூற்றிருபது கெஜத்தில் தொடங்க வேண்டும். அதற்குள் இரண்டாவது சுற்றுக்கு விசில் ஊதிவிட்டார்கள். அம்பை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போனேன்.